வீட்டுக்கணக்கும் உதவியின் எல்லையும்: கல்முனைக் கரையோர மாணாக்கரை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வினாவும் அதன் களமும்

ஒரு புறம் வங்கக் கடலும் மறு புறம் நெல்வட்டைகளும் எல்லையாக அமைய, மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் அம்பாறைக் கரையோரத்தில், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை முதலிய தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும், அவற்றுக்கு அயலாயும் இடையாயும் அமைந்த காரைதீவு போன்ற தமிழூர்களும் கல்விக்கு அளித்துவரும் ஸ்தானம் மிக உயர்ந்தது. 1892 ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானப் பட்டதாரியாகவும் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கி, பழந்தமிழிசையைக் கணித அளவைகளின் துணைகொண்டு ஆராய்ந்த யாழ்நூலை 1947 இல் உலகுக்கு அளித்தார். 1942 இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், இப்பிரதேச முஸ்லிம்கள் கல்வியிற் பின்தங்கியிருந்த நிலையைக் கண்டு கவலையுற்று, அதனை நீக்கும் முயற்சிகளை இங்கேயே தொடக்கி, 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றுவதற்கும் காரணராயினார். 1949 இல் கல்முனை ஸாஹிராக் கல்லூரி தோன்றியது.

இலவசக் கல்வி 1945 இலும் இலவசப் பாடநூல் 1980 இலும் நாட்டுக்குக் கிடைத்தன. தமிழில் அட்சரகணித நூலோவெனில் அவற்றுக்கு நெடுங்காலம் முன்னரே, யாழ்ப்பாணத்துக் கறோல் விசுவநாதபிள்ளையவர்கள் இயற்றிய வீசகணிதமாக, 1855 இலேயே அச்சேறிவிட்டது. ஆகவே இன்று கணிதத்தில் இடர்ப்படும் மாணாக்கனுக்குக் குறை நூலிலன்று. நூலுக்கும் அவனுக்கும் இடையே நின்று துணைபுரிவோரின் முறையிலேயே குறை உண்டு என்பது இக்கட்டுரையின் துணிபு. கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சையிற் கணிதம் கட்டாய பாடமாகவும், அதிற் சித்தியெய்தாதவருக்கு உயர்தர வகுப்பின் வாயில் பொதுவாக அடைபடுவதாகவும் இருத்தலின், 35 புள்ளி என்னும் எல்லைக்கோட்டின் இரு மருங்கிலும் இரு வேறு வாழ்க்கைகள் பிரிந்து செல்கின்றன. அக்கோட்டைக் கடக்க உதவுவோம் என்று முன்வருவோர் பலர்: பாடசாலை ஆசிரியர், தனியார் வகுப்பு ஆசிரியர், வீட்டிலுள்ள காக்கா, ராத்தா, அயல்வீட்டுப் பல்கலைக்கழக மாணவர்.

வீட்டுக்கணக்கைச் செய்ய இயலாது நிற்கும் மாணாக்கருக்கு எவ்விதம் துணைபுரிவது உண்மையில் உதவியாகும் என்பதே இங்கு ஆராயப்படும் வினா. தாம் கண்ட விடை சரியா, பிழையா என்று தாமே தீர்மானிக்கும் ஆற்றலை மாணாக்கரிடம் ஒப்படைப்பது எதுவோ, அதுவே உதவி என்று இக்கட்டுரை வாதிக்கிறது. அட்சரகணிதமும் நிகழ்தகவும் உதாரணமாகக் கொள்ளப்பட்டமைக்குக் காரணம், விடையைச் சோதிக்கும் வழி இவ்விரண்டிலும் அடிப்படையிலேயே வேறுபடுவதாகும்.

2. நிலவும் இரு கொள்கைகள்

உதவியின் அளவு குறித்து இரு கொள்கைகள் அறிஞரிடையே நிலவுகின்றன. முதலாவது, தீர்வைக் காட்டலாகாது, வழியை மாத்திரமே குறிப்பால் உணர்த்த வேண்டும் என்பது. 1945 இல் வெளிவந்த தமது பிரசித்தி பெற்ற நூலில் ஜோர்ஜ் பொலியா என்னும் கணித அறிஞர், வினாவை விளங்கிக்கொள்ளல், வழியொன்றை வகுத்தல், அவ்வழியே செல்லல், வந்த வழியைத் திரும்பி நோக்கல் என நான்கு படிகளை வகுத்து, ஆசிரியரின் உதவி மிகுந்தும் குறைந்தும் போகாது, மாணாக்கருக்கு நியாயமான ஒரு பங்கு வேலையை விட்டுவைப்பதாய் இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை நிலைநாட்டினார்.

இரண்டாவது கொள்கை, புதிதாகக் கற்போருக்கு முழுத் தீர்வையும் காட்டுவதே நன்று என்பது. அவுஸ்திரேலியாவில் ஸ்வெல்லர், கூப்பர் என்னும் இருவர் 1985 இல் வெளியிட்ட ஆய்வு, சமன்பாடுகளைத் தாமாகவே தீர்க்க விடப்பட்ட மாணாக்கரைக் காட்டிலும், தீர்த்துக் காட்டிய உதாரணங்களை ஊன்றிக் கற்ற மாணாக்கர் குறைந்த நேரத்தில், குறைந்த பிழைகளோடு அதே வகைக் கணக்குகளைச் செய்தனர் எனக் கண்டது. எனினும், உதாரணத்தின் அமைப்பிலிருந்து மாறுபட்ட கணக்குகளில் அந்நன்மை புலப்படவில்லை என்பதும் அவ்வாய்விலேயே வெளிப்பட்டது. இப்பிற்பகுதியே நம் கவனத்துக்கு மிகவும் உரியது. ஏனெனில் பரீட்சை மண்டபத்தில் மாணாக்கரைத் திகைக்கச் செய்வது பெரும்பாலும் மாறுபட்ட அமைப்பே.

இவ்விரு கொள்கைகளையும் இணைத்து நோக்க மூன்றாவதொரு சான்று துணைசெய்கிறது. தனிப்பட்ட முறையிற் பயிற்றுவித்தலைப் பற்றிய பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2011 இல் மதிப்பிட்ட வான்லேன் என்பார், இறுதி விடைக்கு மாத்திரம் சரி, பிழை கூறும் கணினிப் பயிற்சியின் பயன் நியம விலகலில் ஏறத்தாழ 0.3 பங்கு எனவும், ஒவ்வொரு படியிலும் மறுமொழி கூறும் பயிற்சியின் பயன் 0.76 எனவும், மனித ஆசிரியரின் பயன் 0.79 எனவும் கண்டார். மனித ஆசிரியரின் மேன்மைக்குக் காரணம் அவருடைய அறிவின் பெருக்கமோ பேச்சின் வன்மையோ அன்று என்பதும், மாணாக்கர் எழுதும் ஒவ்வொரு வரியையும் உற்று நோக்கும் அவதானமே அதன் பெரும்பகுதி என்பதும் இவ்வெண்களிலிருந்து நான் கொள்ளும் பொருள். தீர்வைக் காட்டுவதா, காட்டாதிருப்பதா என்ற வாதத்தைவிட, எந்த வரியில் எதனைச் சோதிக்கச் செய்வது என்ற வினாவே முதன்மை பெறுகிறது.

3. அட்சரகணிதம்: தன்னைத் தானே சோதிக்கும் விடை

சமன்பாடொன்றைத் தீர்த்து அடைந்த விடையை மீண்டும் அச்சமன்பாட்டிலேயே பிரதியிட்டு, இரு பக்கமும் சமப்படுகின்றனவா என்று காண, பிறிதொருவர் துணை எவருக்கும் வேண்டியதில்லை. இதுவே அட்சரகணிதத்தின் தனிச்சிறப்பு. 9 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பக்தாதிலே வாழ்ந்து, இச்சாஸ்திரத்துக்கு ஒழுங்கான வடிவம் அளித்த அல்-குவாரிஸ்மி, ஒரு வர்க்கமும் அதன் மூலத்தின் பத்து மடங்கும் சேர்ந்து 39 ஆகுமெனின் மூலம் யாது என்று வினவி, விடையைச் சூத்திரமாகக் கூறியதோடு நில்லாது, படம் வரைந்தும் நிறுவினார். நம் மாணாக்கர் எழுதும் முறையில் அது ய² + 10ய = 39 ஆகும். ய நீளப் பக்கமுடைய சதுரத்தின் இரு பக்கங்களில் 5 அகலமுடைய இரு செவ்வகங்களை ஒட்டினால், மூலையிலே 25 பரப்புள்ள சிறு சதுரம் ஒன்று குறைந்து நிற்கும்; அதனையும் இட்டு நிரப்பினால் 39 உம் 25 உம் சேர்ந்து 64 பரப்புள்ள பெருஞ்சதுரம் அமையும்; அதன் பக்கம் 8; அதிலிருந்து 5 நீங்க ய = 3.

11 ஆம் தரத்திலே வர்க்கப் பூர்த்தி முறையைப் படிக்கும் மாணாக்கர் பலர், குணகத்தின் பாதியை வர்க்கித்து இரு பக்கமும் கூட்டுக என்னும் விதியை மனனஞ்செய்கின்றனரேயன்றி, எக்காரணத்தாற் பாதி, எக்காரணத்தால் வர்க்கம் என்பதை அறிவதில்லை. கட்டமிட்ட தாளில் இப்படத்தை ஒருமுறை தம் கையால் வரைந்தவர் அவ்விதியை மறப்பினும் மீளக் கண்டுபிடித்துக்கொள்வர். 3 ஐப் பிரதியிட்டால் 9 உம் 30 உம் சேர்ந்து 39 ஆகின்றன. −13 ஐப் பிரதியிட்டால் 169 இலிருந்து 130 நீங்கி அதே 39 வருகிறது. ஆகவே இரண்டும் மூலங்களே. அல்-குவாரிஸ்மி நேர்மூலத்தை மாத்திரமே ஏற்றார். ய ஒரு நீளமாயின் நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும். எந்த விடை சமன்பாட்டுக்கு உரியது, எந்த விடை வினாவுக்கு உரியது என்ற விவேகம், உதவுவோர் முன்னரே சொல்லிவிடாமல் மாணாக்கரே எய்த வேண்டிய ஒன்று.

அல்-குவாரிஸ்மியின் அட்சரகணித நூலின் பிற்பகுதி மரணசாசனத்தையும் வாரிசுப் பங்கீட்டையும் பற்றிய கணக்குகளால் நிறைந்தது என்பதை நம் ஊர்களில் நினைவூட்டுவது பொருத்தமாகும். காலஞ்சென்ற ஒருவரின் கடனும் அடக்கச் செலவும் மரணசாசனமும் போக எஞ்சியது 32 ஏக்கர் வயல் எனவும், அவருடைய பெற்றோர் முன்னரே காலமாகிவிட, மனைவியும் ஒரு மகனும் இரு மகள்மாரும் வாரிசுகள் எனவும் கொள்வோம். மனைவிக்கு எட்டிலொரு பங்கு, அதாவது 4 ஏக்கர். எஞ்சிய 28 இல் மகனுக்கு மகளின் இரு மடங்கு. மகளின் பங்கை ய எனக் கொண்டால் 4ய = 28; ய = 7; மகனுக்கு 14. நான்கையும் பதினான்கையும் இரு ஏழுகளையும் கூட்ட 32 வருதலால் பங்கீட்டிற் பிழையில்லை. ஒருவருக்கும் அநீதி நேரவில்லை என்பதை இங்கு நிலைநாட்டுவது அவ்விறுதிக் கூட்டலே என்று உணரும் மாணாக்கர், சரிபார்த்தல் என்பதை ஆசிரியரின் நிர்ப்பந்தமாகக் கருதமாட்டார்.

வழக்கமான பிழைகளுக்கும் இதே மருந்து பொருந்தும். (அ + இ)² என்பதை அ² + இ² என எழுதுபவரிடம் அது பிழை என்று கூறி, விடுபட்ட உறுப்பைச் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தால், அடுத்த வாரமும் அதே பிழை வரும். அதற்கு மாறாக, அ = 3, இ = 4 என இட்டுப் பார்க்கச் சொன்னால், ஒரு பக்கம் 49 உம் மறு பக்கம் 25 உம் வந்து நிற்க, அவர் தம் பிழையைத் தாமே கண்டுகொள்கிறார். 5 − (ய − 3) என்பதை 5 − ய − 3 எனப் பிரிப்பவரும், ய = 4 என இடுமிடத்து ஒன்று 4 ஆகவும் மற்றது −2 ஆகவும் வருதலைக் காண்பார். இவ்வகைத் தடுமாற்றம் இளையோருக்கு மாத்திரம் உரியதன்று. ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர் என்னும் கூற்றைச் சமன்பாடாக்குமாறு அமெரிக்கப் பொறியியல் மாணவரிடம் கிளெமென்ட் முதலியோர் கேட்டபோது, மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்டோர் பிழையாகவே எழுதினர் என்று 1981 இல் அறியவந்தது; அப்பிழையுள் மிகுதியாகக் காணப்பட்டது, மாணவர் தொகையை ம எனவும் பேராசிரியர் தொகையை ப எனவும் கொண்டால், ம = 6ப என்பதற்குப் பதிலாக 6ம = ப என எழுதுதல். ப = 10 என இட்டு, ம = 60 ஆதலைக் கண்டு, பின்னர் தாம் எழுதியதில் அவ்வெண்களைப் பொருத்திப் பார்ப்பவர் வேறொருவர் சொல்லாமலே திருந்துவர்.

4. நிகழ்தகவு: சோதனைக்கு எளிதில் உட்படாத விடை

நிகழ்தகவில் இவ்வசதி இல்லை. கண்ட விடையை எங்கும் பிரதியிட இயலாது. பிழையான விடையும் சரியான விடையைப் போன்றே, பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் நம்பத்தக்க தோற்றத்துடன் அமைந்துவிடுகிறது. நாணயமொன்றை இருமுறை சுண்டினால் ஒருமுறையேனும் தலை விழும் நிகழ்தகவு யாது என்ற வினாவுக்கு, பிரெஞ்சு தேசத்தின் தலைசிறந்த கணித அறிஞருள் ஒருவரான தலம்பேர், 1754 இற் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில், 2/3 என்ற விடையை ஆதரித்தார். முதற்சுண்டலில் தலை, இரண்டாவதில் தலை, இரண்டிலும் தலையின்மை என மூன்றே பேறுகள் உள என்பது அவருடைய நியாயம். அம்மூன்றும் சமமாய் நிகழத்தக்கன அல்ல என்பதும், தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என நான்கு பேறுகளையும் எழுதினால் விடை 3/4 என்பதும் இன்று 10 ஆம் தரத்துப் பாடம். அதே 2/3 ஐ எழுதி வரும் மாணாக்கரை அறிவிலி என எண்ணுவது எத்துணை அநீதி என்பதற்கு இவ்வரலாறு சான்று. அவர் சிந்தித்திருக்கிறார், ஆனால் பேறுகளைச் சமமாய் எண்ணத் தவறிவிட்டார். சமனா என்ற வினாவை அவரே எழுப்பும்படி செய்தல் உதவுவோரின் கடன்.

சாதாரண தரத்திற் பெரிதும் பழகிய கணக்கொன்றை நோக்குவோம். பையொன்றில் ஒரே அளவான 3 சிவப்புப் பந்துகளும் 2 நீலப் பந்துகளும் உள்ளன. எழுமாறாக ஒன்றை எடுத்து, அதனைத் திரும்ப இடாமல் மற்றொன்றை எடுத்தால், இரண்டும் சிவப்பாயிருக்கும் நிகழ்தகவு யாது? 3/5 ஐயும் 2/4 ஐயும் கூட்டுபவருக்கு 11/10 என வரும்; அது ஒன்றினும் பெரிது ஆதலின் அவ்விடையே தன் பிழையைக் கூறிவிடுகிறது. ஆனால் 3/5 × 3/5 எனப் பெருக்கி 9/25 என எழுதுபவரின் விடையிலே ஐயத்துக்கு இடமளிக்கும் குறி ஒன்றுமில்லை. இங்கு மர வரிப்படத்தைக் காட்டி 3/5 × 2/4 = 3/10 என்று முடித்துவிடுவது சுலபம்; அதனாற் கிட்டும் பயன் அற்பம். ஐந்து பந்துகளுக்கும் பெயரிட்டு, நெட்டிலும் குறுக்கிலும் ஐந்தைந்து கட்டங்களாகப் பேறுகளைக் குறித்து, ஒரே பந்து இருமுறை வரும் கட்டங்களை மாணாக்கர் தம் கையாலேயே வெட்டச் செய்தால், 25 இல் மூலைவிட்டத்து 5 நீங்கி 20 எஞ்சுவதும், சிவப்புக்குரிய 9 கட்டங்களில் 3 நீங்கி 6 எஞ்சுவதும் கண்முன் நிற்கும். 6/20 உம் 3/10 உம் ஒன்றே. 9/25 எந்த இடத்தில் வழுவியது என்பதையும் அவ்வெட்டுக்கோடே காட்டிவிடுகிறது.

செய்து பார்த்தால் தெரியாதா என்று கேட்பின், அதற்கும் எல்லையுண்டு. 20 தடவை எடுத்துப் பார்த்தால் ஒரு விடையின்படி 6 தடவையும் மற்றதன்படி ஏறத்தாழ 7 தடவையும் எதிர்பார்க்க வேண்டியிருத்தலின், அத்துணைச் சிறு சோதனை எதனையும் தீர்மானியாது. 40 பேருள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் 25 தடவை எடுத்து எண்ணிக்கைகளைத் தொகுத்தாலோ, 1000 இல் 300 க்கும் 360 க்கும் உள்ள பேதம் தெளிவாகத் தோன்றும். சிறு தொகையிற் கண்டதைப் பொது விதியாகக் கொள்ளும் மயக்கம் ஆய்வுப் பயிற்சி பெற்றோரையும் விட்டுவைப்பதில்லை என்று தெவெர்ஸ்கி, கானெமன் ஆகிய இருவரும் 1971 இற் காட்டினர்.

பஸ்காலும் பெர்மாவும் 1654 இல் எழுதிக்கொண்ட கடிதங்களில் இச்சாஸ்திரம் உருப்பெற்றது சூதாட்ட வினாக்களை ஒட்டியே; அதனால் தாயக்கட்டையும் நாணயமும் பாடநூலில் இடம்பெற்றன. சூதை விலக்கும் இல்லங்களில் இவ்வுதாரணங்கள் சிலருக்கு மனக்கூச்சத்தை உண்டாக்குவது இயல்பு. பந்துப் பை அக்கூச்சத்தை நீக்கிவிடும். பெரும்போகத்துக்கு முன் விதைநெல்லில் 100 மணிகளை ஈரத்துணியிலிட்டு முளைத்தவற்றை எண்ணும் விவசாயியின் சோதனையும் நல்ல உதாரணமே. எனினும் பந்துகளிற் போல முளைத்தலும் முளையாமையும் சமமாய் நிகழத்தக்க பேறுகள் அல்ல ஆதலின், அங்கே நிகழ்தகவை எண்ணிக்கையால் மதிப்பிடுகிறோமேயன்றி, நியாயத்தால் வருவிப்பதில்லை என்ற பேதத்தையும் உடன் விளக்குதல் வேண்டும்.

5. வீடும் வகுப்பும்

மஃரிபுத் தொழுகைக்குப் பின் புத்தகத்தை விரிக்கும் பிள்ளைக்கு வீட்டில் முதலிற் கிட்டும் துணை காக்காவோ ராத்தாவோ ஆவர். அவர்களுக்கு அன்பு மிகுதி, பொறுமை குறைவு. கொப்பியை வாங்கி நாலு வரியிற் கணக்கை முடித்துக் கொடுத்துவிடுவது அவ்வன்பின் விளைவே. கணிதத்துக்கு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுக்கணக்கில் உதவினால், பிள்ளைகளின் கற்றல் குறைந்து அச்சம் வளர்கிறது என்று, அமெரிக்கச் சிறாரிடையே மலோனி முதலியோர் நடத்தி 2015 இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அதனாற் பெற்றோர் ஒதுங்கிவிட வேண்டும் என முடிவுகட்டுதல் பொருந்தாது. அட்சரகணிதம் அறியாத உம்மாவும், வினாவில் என்ன கேட்டிருக்கிறது, இந்த வரி எப்படி வந்தது, விடை சரியென்று உனக்கு எப்படித் தெரியும் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். கணக்கைத் தாம் செய்து காட்ட வேண்டும் என்ற பொறுப்பு நீங்கினால், அவருடைய அச்சத்துக்கும் காரணம் குன்றும்.

தனியார் வகுப்பின் நிலை வேறு. மாணாக்கர் திரண்டிருக்கும் மண்டபத்தில் கடந்தகால வினாத்தாள்களைப் பலகையில் விரைந்து தீர்ப்பதும், அதனை அவர்கள் பிசகின்றிப் பிரதி செய்வதும் நாடெங்கும் பரவிய சம்பிரதாயம். புள்ளியிடும் திட்டம் படிமுறைகளுக்கும் புள்ளி வழங்குதலின் அச்சம்பிரதாயம் ஓரளவு பயனும் தருகிறது. ஆசிரியரைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆயினும் பிரதி செய்தவை யாவும் ஆசிரியரின் சரியான வரிகளாகவே இருத்தலின், மாணாக்கரின் பிழை எங்கும் எழுதப்படாமலும் எவராலும் படிக்கப்படாமலும் போய்விடுகிறது.

இதற்கு மாற்றான மரபொன்று நம் ஊர்களிலேயே உண்டு. ஓதப்பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையும் தன் பாடத்தைத் தனியே ஓதிக் காட்ட, ஆசான் செவிசாய்த்துக் கேட்டுத் திருத்தி, அப்பாடம் செம்மையுற்ற பின்னரே அடுத்ததைக் கொடுக்கிறார். ஓதுதலில் மூலத்தைப் பிசகாது காத்தலே நோக்கமாகையால் உடனே திருத்துவது அங்கு அவசியம். கணிதத்திலோ பிழையைக் கண்டுபிடிக்கும் உரிமையைச் சற்று நேரமேனும் மாணாக்கருக்கு விட்டுவைத்தல் வேண்டும். அவ்வேற்றுமையை மனங்கொண்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்கும் அவ்வழக்கத்தைக் கணித வகுப்பும் கைக்கொள்ளலாம்.

6. ஆட்சேபங்கள்

இம்முறைக்கு மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும். முதலாவது, பரீட்சையிற் சரிபார்க்க நேரமேது என்பது. முதற்பகுதி வினாத்தாளுக்கு 2 மணித்தியாலமும் இரண்டாம் பகுதிக்கு 3 மணித்தியாலமும் வழங்கப்படும் பரீட்சையில், ஓர் எண்ணைப் பிரதியிட்டுப் பார்ப்பதற்குச் செலவாகும் நேரம் சொற்பம். முதல் வரியிலேயே புகுந்த பிழையைச் சுமந்துகொண்டு இறுதிவரை உழைப்பதற்குச் செலவாகும் நேரமே பெரிது. இரண்டாவது, ஒன்றுமே அறியாதவரிடம் கேள்வி கேட்பதாற் பயனென்ன என்பது. இது நியாயமான ஆட்சேபம். ஸ்வெல்லர், கூப்பர் ஆகியோரின் சான்றும் இதற்கு அரணாகிறது. அத்தகையோருக்கு அதே அமைப்புள்ள வேறொரு கணக்கை முழுமையாகத் தீர்த்துக் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் காரணம் கூறச் செய்து, பின்னர் வீட்டுக்கணக்கை அவரிடமே விடலாம். காட்டிய கணக்கு ஒன்று, செய்யும் கணக்கு மற்றொன்று என்ற வரம்பு கடவாதிருந்தாற் போதும். மூன்றாவது, பெருந்திரளான மாணாக்கரை ஒருவர் எங்ஙனம் தனித்தனியே கேட்பது என்பது. பெயர் குறியாது ஒரு பிழையான தீர்வைப் பலகையில் எழுதி, அது முதன்முதல் வழுவிய வரி எது என்று யாவரையும் தேடச் செய்தால், ஒருவரின் பிழை அனைவருக்கும் பாடமாகும்.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், அட்சரகணிதத்திற் பிரதியிடுதலையும் நிகழ்தகவிற் பேறுகளை முழுமையாக எண்ணுதலையும் மாணாக்கரின் வழக்கமாக்குவதே வீட்டுக்கணக்கில் உதவுவோரின் தலையாய பணி என்பது பெறப்படும். முதல் வரியை மாணாக்கரே எழுதுதல், பிழையான வரியைத் திருத்துமுன் அதன் நியாயத்தைக் கேட்டறிதல், சோதித்துப் பாராத விடையை முடிந்த விடையாக ஏற்காதிருத்தல் என்னும் மூன்று நியமங்களும் செலவில்லாதவை. எவ்வீட்டிலும் இன்றே தொடங்கத்தக்கவை. அட்டாளைச்சேனையில் ஆசிரிய பயிற்சிக்கென ஒரு கலாசாலையும், ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடமும் அமைந்திருக்கும் இப்பிரதேசத்துக்கு, பிழைகளைத் தொகுத்து ஆராயவும், விடுமுறை நாட்களில் ஊர்தோறும் கணிதத் துணைவட்டங்களை நடத்தவும் வேண்டிய ஆள்வலிமை குறைவில்லை.

பரீட்சையிற் சித்தியெய்துதல் இதனால் வரும் பயன்களுள் ஒன்று மாத்திரமே. பாகப்பிரிவினையும் வங்கிக் கடன் வட்டியும் நோய் குறித்த விழுக்காடும் வாழ்நாள் முழுதும் மக்கள் முன் வந்து நிற்கும். அப்போது புள்ளியிட ஆசிரியர் எவரும் உடனிருக்கமாட்டார். தம் முடிவுக்குத் தாமே சான்று காட்டவும், பிறர் கூறும் எண்ணுக்குச் சான்று கேட்கவும் அறிந்தவர் எவரையும் சார்ந்து நிற்க வேண்டியவரல்லர். அத்தகைய தலைமுறை ஒன்றை ஆக்குவதற்கே, கொப்பியை வாங்கிக் கணக்கை முடித்துக் கொடுக்கும் கையை உதவுவோர் சற்றே பின்வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.